ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து

என் மருமகளோடு முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்கள் பதினொரு பேர். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் எண்ணினேன். பெண்கள் ஆறு, ஆண்கள் ஐந்து, டை கட்டியவர்கள் மூன்று. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் என்று பார்த்தால் ஒருத்திதான். அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

பதிவுக்கு மாமனார் போகவேண்டிய தேவை எதுவும் இல்லை. மூலச் சான்றிதழ்கள் வைத்த உறையை யாராவது பஸ்ஸில் விட்டுவிட்டால் என்ன ஆவது என்ற கவலையில் போனேன். "உறைய அவ மறக்க மாட்டா. நீங்க கூடப் போனாத்தான் உங்களைப் பாக்கறதா உறையப் பாக்கறதான்னு குழம்பிப் போவா" என்றாள் என் மனைவி. அப்படியும் போனேன். திரும்பும்போது உறை மருமகளின் கையில் பத்திரமாக இருந்தது. என் குடைதான் பல்கலைக்கழக வாயிற்காவலரின் கூண்டில் தங்கிவிட்டது.

நான் பாடசாலைகளில் படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்றவன். என் பட்டம் வெளிவாரியாக எழுதித் தேறியது. எங்கள் காலத்தில் பட்டம் என்றாலே மலையிறங்கிப் போகவேண்டும். பட்டத்துக்கு மேல் ஒரு பட்டம் என்றால் அதைப் பற்றிப் பேசுவதற்கே பதுளையில் ஆள் இல்லை. இப்போது எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்புக்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. அதன் சுவரில் ஒட்டியிருந்த பாடநெறிகளையும் எண்ணி வைத்தேன். சனி ஞாயிறுகளில் காற்சட்டை மடிப்புக் கலையாத வங்கி உத்தியோகத்தர்களும், கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வந்த ஆசிரியைகளும் அங்கே விரிவுரைக்கு வருகிறார்கள். நம் ஊருக்கு இப்படி ஒரு காலம் வந்துவிட்டது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். நிமிர்ந்த மறுகணமே, எங்கள் பிள்ளை இதை முடிப்பாளா என்ற கவலையும் வரும்.

அவள் பிறந்தது கொஸ்லந்தைக்குக் கீழே ஒரு தோட்டத்தில். சிறு வயதிலேயே தாய் போய்விட்டாள். தாயின் அக்காள்தான் வளர்த்தாள். அந்தப் பெரியம்மா இன்னமும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மருமகள் படித்துப் பட்டம் பெற்று, பதுளையில் ஒரு பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிறாள். என் மகன் கொழும்பில் வேலை செய்கிறான், மாதக் கடைசியில் வந்து போவான். ஆகவே இந்தப் படிப்பைப் பற்றிக் கவலைப்படும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது.

அவளுக்கு இரண்டு வருடம் கற்கை விடுமுறை கிடைத்திருந்தது. அதற்குள் ஆராய்ச்சி முடியவேண்டும். முடியாவிட்டால் பாடசாலைக்குத் திரும்பி, கிழமை நாட்களில் வகுப்பும் மற்ற நேரத்தில் ஆராய்ச்சியுமாக இழுபடவேண்டும். அப்படி இழுபட்டு, கடைசியில் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகத்து எழுதுவினைஞரிடம் கேட்டேன். அவர் எனக்கு ஒரு கதிரை காட்டினார்.

ஆராய்ச்சியின் தலைப்பு உரம். உரத்தின் விலை ஏறி, கிடைக்காமலும் போய், தேயிலை மஞ்சளாகி நின்ற காலத்தை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அந்தத் தலைப்பின் அவசியத்தை யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடுமுறையில் பாதி வகுப்பிலும் வாசிப்பிலும் போனபிறகு, மருமகள் தன் பெரியம்மா வேலை செய்யும் தோட்டத்திலேயே ஒரு மலையில் இடம் கேட்டு வாங்கினாள். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் மலை என்றுதான் சொல்வோம். அதில் பதினாறு துண்டுகள் பிரித்தாள். நான்கு துண்டுக்கு முழு உரம், நான்குக்குப் பாதி உரமும் கூட்டெருவும், நான்குக்குக் கூட்டெரு மட்டும், கடைசி நான்குக்கு ஒன்றுமே இல்லை. பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று மூலைக் குச்சிகளில் நாடா கட்டினாள். ஒன்றுமே போடாததுதான் சிவப்பு.

வாரம் ஒருமுறை அந்த மலைக்குப் பறிப்பு வரும். பெரியம்மாவும் அவளுடைய நிரையில் நிற்கும் பெண்களுமாக எட்டுப் பேர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பையில் பறித்து, மேலே பாதையோரம் தராசோடு நிற்கும் மருமகளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் நிறுத்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் கொழுந்தை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

அங்கேதான் என் வேலை தொடங்கியது. மொட்டோடு கூடிய கொழுந்து எத்தனை, மொட்டில்லாமல் நின்றுபோன கொழுந்து எத்தனை என்று பிரித்து எண்ணவேண்டும். "மாமா, உங்களுக்கு நேரம் இருந்தா..." என்று அவள் இழுத்தாள். எனக்கு நேரம் இருந்தது. நான் குசினி மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வாழ்நாள் முழுவதும் நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்துக்கு அது தேவைப்பட்டது. "கடைசியில உங்களுக்கும் ஒரு உத்தியோகம் கிடைச்சிருச்சு" என்றாள் மனைவி. அவளுடைய குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்கு இடமில்லாமல் தேயிலைக் கொழுந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த கோபம் அவளுக்கு.

முதல் சில மாதங்கள் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி கொடுத்தன. பிறகு சிவப்புத் துண்டுகள் மெல்ல இறங்கத் தொடங்கின. அப்படித்தான் இறங்கவேண்டும் என்றாள் மருமகள். ஆனால் கொஞ்ச காலத்தில் அவை திரும்ப ஏறின. உரம் இல்லை, எரு இல்லை, மழையும் குறைவு. அப்படியும் பச்சை நாடாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

ஆராய்ச்சி மாணவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் முன்னேற்றத்தைக் குழுவின் முன் சொல்லவேண்டும். அன்றைக்கு அவள் இதைக் காட்டியபோது குழுவில் ஒருவர் சிரித்திருக்கிறார். "அப்படியென்றால் உரக் கப்பலைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதலாமே." அவளுடைய மேற்பார்வையாளர் சிங்களப் பெண், பேராசிரியர், மருமகள் மேடம் என்றுதான் சொல்வாள். அவர் சிரிக்கவில்லை. "ஒன்று அந்த மண்ணில் புதுமை இருக்கிறது. இல்லாவிட்டால் உன் முறையில் ஏதோ ஓட்டை இருக்கிறது. எது என்று பார்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது அவளுக்குப் பயம். எனக்கோ முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. மண்ணில் புதுமை! மறுநாள் சலூனில் சவரத்துக்குக் காத்திருந்த நான்கு பேரிடமும், கோயில் கூட்டத்தில் பொருளாளரிடமும், எங்கள் மருமகள் தேயிலையில் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். "என்னாங்க கண்டுபிடிச்சிருக்கு?" என்று சலூன்காரர் கேட்டார். உரம் இல்லாமலே கொழுந்து வரும் என்றேன். "அப்ப சம்பளம் இல்லாமலே வேலை நடக்கும்னும் கண்டுபிடிச்சிருவாங்க" என்று நுரை போட்ட முகத்தோடு ஒருவர் சொன்னார்.

அதன்பிறகு வந்த பறிப்பில்தான் நான் அதைக் கண்டேன். சிவப்புத் துண்டின் கொழுந்தை மேசையில் பரப்பியிருந்தேன். மருமகளின் துண்டுகள் இருப்பது வீ.பீ. தேயிலை மலையில். ஒரே தாய்ச்செடியின் தண்டை வெட்டி வளர்த்த கன்றுகள் அவை. அதனால் எல்லாக் கொழுந்தும் ஒரே சாயலில் இருக்கும். அத்தனை மாதம் எண்ணி எண்ணி அந்தச் சாயல் என் கண்ணில் படிந்திருந்தது. இந்தக் குவியலிலோ இடையிடையே வேற்று முகங்கள். சில கொழுந்து வெளிறிப்போய் நீளமாக, சிலது செம்மை ஓடி, சிலது சிறுத்துக் கறுத்து. தேங்காய்ச் சம்பலில் மயிர் கிடந்ததுபோல எனக்கு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. பையைச் சரியாகக் கழுவவில்லையோ, குளிர்சாதனப் பெட்டியில் கலந்துவிட்டதோ, நான்தான் கலந்துவிட்டேனோ என்று பயந்து மற்றவற்றையும் பிரித்தேன். பச்சை சுத்தம். மஞ்சள் சுத்தம். நீலம் சுத்தம். சிவப்பு நான்கிலும் கலப்பு.

மருமகளைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கொழுந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது விதைத் தேயிலை மாமா. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி. மேல் மலையில இருக்கறது." பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். என் மனைவி இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவள் கேட்காமல் போவது அபூர்வம்.

அடுத்த பறிப்புக்கு நானும் கொஸ்லந்தைக்குப் போனேன். அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சவர்க்காரம் பூசியிருந்தேன். தேத்தண்ணி நேரம். பெண்கள் கூடையை இறக்கி, நிழல் மரத்தடியில் ரொட்டியும் சம்பலும் பிரித்து வைத்திருந்தார்கள்.

"வாங்க சம்மந்தி சேர்" என்று பெரியம்மா எழுந்தாள். "அந்தக் கல்லு மேல ஏறிக் குந்துங்க. நம்ம அட்டைக்குப் பென்சன்காரர், வேலைக்காரர்னு வித்தியாசமெல்லாம் தெரியாது."

மருமகள் உட்காரவில்லை. "பெரியம்மா, செவப்பு நாடாத் துண்டுல வெதத் தேயில எப்படி வந்துச்சு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "காத்துல பறந்து வந்திருக்கும்" என்றாள் ஓர் இளம்பெண். எல்லோரும் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னா இப்ப? கொறஞ்சதாவே எழுதிட்டுப் போறியா? அந்தத் துண்டு தராசுக்கு வர்றப்பல்லாம் ஒன் மூஞ்சி சுருங்கிப் போவுது. நாங்க பாக்கலன்னு நெனச்சியா?"

"அதுக்காக?"

"அதுக்காக என்னா. நாங்க மடுவத்துல கிலோ கொறஞ்சு அரைப் பேர் வாங்குனாலே அன்னிக்குச் சோறு எறங்காது. நீ கெம்பஸ்ல அத்தன படிச்சவங்க முன்னால நிக்கிற புள்ள. இவ தோட்டத்துப் புள்ள, இவ்வளவுதான் எடுத்தாள்னு அரைப் பேர் போட்டு அனுப்பிருவானுங்க. காலையில மேல் மலையில பறிச்சதுல, ஆளுக்கு ஒரு பிடி போட்டோம். பெரிய கொலக் குத்தமா?"

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டில். ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ எடுத்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். பிறந்ததிலிருந்து அந்தத் தராசைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பட்டத்தையும் ஒரு தராசில்தான் நிறுத்துக் கொடுப்பார்கள் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்?

"எப்ப இருந்து போடுறீங்க?" என்று நான் கேட்டேன்.

"அது யாருக்குங்க ஞாபகம்? அது எறங்கத் தொடங்குனதில இருந்துதான்."

"எல்லா வாரமுமா?"

"எங்களுக்கே கொழுந்து இல்லாத வாரம் கொஞ்சமாப் போட்டோம்."

"கொஞ்சமாவா?" என்றாள் அந்த இளம்பெண். "அன்னிக்கு ஒரு நாளு இந்தப் பெரியம்மாவுக்கே கிலோ பத்தாம அரைப் பேருதான் விழுந்துச்சு. போட்ட பிடிய எடுத்திருந்தா முழுப் பேரு."

"வாய மூடிக்கிட்டு ரொட்டியத் தின்னுடி" என்றாள் பெரியம்மா.

மருமகள் அப்போதுதான் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அந்தத் துண்டுக்கு நான் உரமே போடல பெரியம்மா. வேணும்னேதான் போடல. அது கொறையணும்."

"வேணும்னேவா? ஏன் புள்ள, அது என்னா பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணுக்குச் சோறு போடாம விட்டுப் பாத்தாத்தானே, மத்ததுக்குப் போட்ட சோறு எவ்வளவு வேல செஞ்சிருக்குன்னு தெரியும்?"

"பட்டினி கெடக்கறதப் பாத்துக்கிட்டு எட்டுப் பொம்பளைங்க சும்மா நிப்போமா? நல்ல படிப்புப் படிச்ச, போ."

இந்தமுறை மருமகளும் சிரித்துவிட்டாள். அழுகையும் நிற்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுமுறையில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர், நான்கு துண்டு, ஆளுக்கு ஒரு பிடி. ஒரு பிடியின் எடை தெரிந்தால் கூட்டியதைக் கழித்துவிடலாமே! தராசைத் தூக்கச் சொல்லி, பெரியம்மாவை ஒரு பிடி எடுக்கச் சொன்னேன்.

"யாரு பிடிங்க? என் பிடியா, இந்தக் குட்டி பிடியா?"

எட்டுப் பேரும் எடுத்தார்கள். எட்டும் எட்டு எடை. பெரியம்மாவை மறுபடி எடுக்கச் சொன்னேன், முதல் பிடிக்கும் இரண்டாம் பிடிக்கும் பொருத்தமே இல்லை. "சேர் பாத்துக்கிட்டு இருக்காருன்னு கூட எடுக்கிறா" என்றாள் ஒருத்தி. சராசரி எடுக்கலாம் என்று நான் தொடங்கினேன்.

"வேணாம் மாமா" என்றாள் மருமகள். "கழிச்சு வர்ற நம்பர் நாம கட்டுனதா இருக்கும். செடி குடுத்ததா இருக்காது."

திரும்பும் பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். குழு அந்த எண்களைப் பார்த்துவிட்டது. மண்ணில் புதுமை இருக்கலாம் என்று பேராசிரியரே சொன்னார். இனிமேல் ஒழுங்காகப் பறித்தால் போதாதா? பழையதைத் தூக்கிப் போட்டால் இன்னும் ஒரு வருடம், பாடசாலைக்குத் திரும்பவேண்டும், அதோடு இது நின்றுவிடும். என் பயத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அவள் மடியில் கொட்டினேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதை மேடேறி ஹப்புத்தளையும் வந்தது. பஸ் அங்கே ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"திங்கக்கிழமை மேடத்தப் பாக்கப் போறேன். நீங்களும் வாறீங்களா மாமா?"

போனேன். பேராசிரியரின் அறைக்கு வெளியே உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. எதிர்ச் சுவரில், அந்தப் பீடத்தில் மேற்பட்டம் பெற்றவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. எண்ணத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் உள்ளிருந்து பேராசிரியர் பெருங்குரலில் சிரிப்பது கேட்டது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்ததும் பேராசிரியர் என்னிடம் சிங்களத்தில் பேசினார். "உங்கள் மகள் ஒரு வருட வேலையை வீசச் சொல்லி அவளாகவே வந்து கேட்கிறாள். நான் கண்டுபிடித்த பிறகு அழுதுகொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்."

மகள் என்று அவர் சொன்னதை நான் திருத்தவில்லை.

பட்டப்பின் படிப்புக் குழு ஒரு வருட நீடிப்புக் கொடுத்தது. கற்கை விடுமுறையை யாரும் நீடிக்கவில்லை. அவள் பாடசாலைக்குத் திரும்பினாள். அந்த மலையின் பறிப்பு சனிக்கிழமையில் விழும்படி செய்யமுடியுமா என்று கங்காணியைக் கேட்டோம். அவர் தோட்டத்துத் துரையிடம் பேசிச் சரிப்படுத்தினார். சனிக்கிழமை விடியற்காலையில் அவளும் நானும் பதுளையில் பஸ் ஏறுவோம். ஞாயிற்றுக்கிழமை நான் கொழுந்து எண்ண, அவள் பக்கத்தில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்துவாள்.

முதல் சனிக்கிழமையே புதிய சிக்கல். சிவப்புத் துண்டின் எடை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. மருமகள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். செடியில் பறிக்கவேண்டிய கொழுந்து அப்படியே நின்றது.

"பெரியம்மா, இது என்னா?"

"நீதானே புள்ள கொறையணும்னு சொன்ன?" என்றாள் பெரியம்மா. "கொறச்சிட்டோம்."

மருமகள் அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, பதினாறு துண்டின் நாடாக்களையும் அவிழ்த்து என் குடைக்குள் போட்டாள். அடுத்த வாரம் அதே மலையில் வேறு இடத்தில் துண்டுகளைப் புதிதாகப் பிரித்தாள், குச்சிகளில் தகரத் தகட்டில் இலக்கம் மட்டும் இருந்தது. எந்த இலக்கத்துக்கு எந்த உரம் என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் கவலையில் உளறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். உரம் போடும் நாளில் வெளியாட்களை வைத்துக்கொண்டாள். காலையில் முதல் வேலையாக, வெறுங்கூடையோடு அந்தத் துண்டுகள். யார் எந்தத் துண்டைப் பறிப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். பெண்களுக்கு அந்தக் குலுக்கல் பிடித்துப் போனது. ஆளாளுக்கு இலக்கத்தைச் சொல்லிக் கூவிக்கொண்டு போவார்கள். "என் சர்வீசுல சீட்டுக் குலுக்கிக் கொழுந்து பறிச்சத இப்பத்தான் பாக்கிறேன்" என்றார் கங்காணி. "நாளைக்கு என்னையும் குலுக்கிப் போட்டுத்தான் கங்காணி ஆக்குவீங்க போல." "அப்படிப் போட்டா உங்களுக்கு விழாதுங்க கங்காணி" என்று நிரையிலிருந்து பதில் வந்தது.

"இதை நீ முதல் நாளே செய்திருக்கவேண்டும்" என்று பேராசிரியர் சொன்னாராம். "ஆமாம் மேடம்" என்றாளாம் இவள்.

அந்த வருடம் அவள் மெலிந்து போனாள். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடியபோது, பாதி வழியில் இறங்கி, சேற்றில் நடந்து, மறுபக்கம் நின்ற வேறு பஸ்ஸைப் பிடித்துப் போனோம். இனி விட்டுவிடுவாள் என்று நான் நினைத்த சனிக்கிழமைகள் உண்டு. அவள் என்னை எழுப்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன், எழுப்பமாட்டாளோ என்று. ஒரு சனிக்கிழமையும் எழுப்பாமல் விடவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழிப் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். அதன் முதல் பகுதி எல்லோரும் வந்து கேட்கக்கூடியது. பெரியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வருகிறோம் என்றார்கள். அன்றைக்கு மூவருக்கும் தோட்டத்தில் பேர் இல்லை. வேண்டாம் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். "நீ சொல்லிக்கிட்டே இரு, நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்" என்றாள் பெரியம்மா. பஸ் பிந்திவிடுமே, வழி தெரியாமல் நிற்பார்களே என்று நான் தரிப்பிடத்தில் முன்னதாகவே போய் நின்றேன். மூவரும் கலியாண வீட்டுச் சேலையில், தலையில் பூவோடு இறங்கினார்கள்.

மண்டபத்தில் நாற்பது கதிரைகள். அநேகமாக நிறைந்திருந்தன. பெரியம்மா என் பக்கத்தில் நுனியில் உட்கார்ந்தாள். மருமகள் ஆங்கிலத்தில் பேசினாள். நான் பேசும் ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலம். என் பக்கத்தில் இருந்தவருக்கு அது கேட்டிருக்குமா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பெரியம்மாவுக்குக் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், முதல் வருடத்துத் தரவுகளை ஏன் நீக்கினாய் என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். பிடி கொழுந்தையும் சொன்னாள், பிறகு வேண்டுமென்றே குறைத்ததையும் சொன்னாள். மண்டபம் சிரித்தது. அவர் சிரிப்போடு, "அப்படியென்றால் இப்படிப்பட்ட தொழிலாளர்களை வைத்து நம்பகமான ஆராய்ச்சி செய்யமுடியாது என்கிறாயா?" என்று கேட்டார்.

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை சேர்" என்றாள் மருமகள். "நான் எதை அளக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அளப்பதை அவர்களிடமிருந்து மறைக்கவும் இல்லை. இரண்டும் என் முறையியலின் பிழை. மூன்றாம் அத்தியாயத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இரண்டாம் வருடத்து எண்கள் அத்தனையும் அவர்களுடைய கைகள் பறித்தவை. அவர்களில் மூன்று பேர் அதோ இருக்கிறார்கள்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னாங்க சேர், ஏன் பாக்கறாங்க?" என்று பெரியம்மா பதறினாள். சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். நானும்தான்.

பிறகு பரீட்சகர்கள் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நடைபாதையில் நின்றோம். அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கதவு திறந்து, பேராசிரியர் மருமகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. திருத்தங்கள் எத்தனை என்று உடனே கேட்டேன். பத்தொன்பது. அதில் பாதிக்கு மேல் காற்புள்ளி.

தேத்தண்ணியும் பற்றிசும் கொடுத்தார்கள். நடைபாதையில் அவளுடைய ஆராய்ச்சியைச் சுருக்கி ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். அதில் நான்கு நிறத்தில் நான்கு தூண்கள். பெரியம்மா கோப்பையோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

"இதுல எதுங்க அந்த ஒண்ணும் போடாதது?"

"அந்தக் கட்டையா இருக்குதே, அதுதான்" என்றேன்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். தன் கையை அகல விரித்து, குட்டையான தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையில் வைத்து அளந்தாள். பிறகு திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள்.

"புள்ள, பாஸ் ஆயிட்டதானே? இனி ஒண்ணும் அளக்க வேண்டியதில்லதானே?"

"இல்ல பெரியம்மா. முடிஞ்சிருச்சு."

"அப்ப அந்தச் செடிங்களுக்கு உரம் போடலாந்தானே?"

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். முகத்தை மூடிக்கொண்டாள். பேராசிரியர் என்ன என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் தன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், நேராகப் பெரியம்மாவிடமே சொன்னார்:

"போடலாம் அம்மா. போடலாம்."

"அப்ப நாளைக்கே கங்காணிகிட்ட சொல்லிர்றேன்" என்றாள் பெரியம்மா. "எந்தெந்த நம்பர்னு மட்டும் எழுதிக் குடு புள்ள."